அன்னைக்குப் பாத்துக்கிடுவோம்

பங்குனி வெயில் ஏறினதும் புளி வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, கல்லுப்புத் தூவி மண்பானையில் அமுக்கி வருஷத்துக்கும் வைத்துக்கொள்கிற வீடு. சித்திரையில் கூழ் காய்ச்சி, மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து வத்தல் போடுகிற வீடு. அதே வீட்டில், பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மகன் வர டிக்கெட் போட்டாச்சா என்று கேளுங்கள். "அது கிடக்கு, அன்னைக்குப் பாத்துக்கிடுவோம்" என்று பதில் வரும். ஐப்பசி மழைக்கு மிளகுதக்காளி வத்தல் எவ்வளவு வேண்டும் என்று ஆறு மாதம் முந்தியே கணக்குத் தெரிந்தவர்களுக்கு, வண்டி இன்சூரன்ஸ் எந்த மாதம் முடிகிறது என்பது தெரியாது.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டால் விஷயம் பிடிபடாது. திருநெல்வேலிச் சீமையில் முன்யோசனை இல்லாமல் ஒரு பூவும், அதாவது ஒரு போக நெல்லும், எடுக்க முடியாது. ஜூன் வாக்கில் பாபநாசம் அணைத் தண்ணீரை நம்பிக் கார் நெல். புரட்டாசி, ஐப்பசியில் நாற்றுப் பாவிப் பிசான நெல். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நாற்றை ஒரு மாதத்துக்கு மேல் விட்டால் முற்றிப்போகும், நட்டாலும் தூர் கட்டாது. இதையெல்லாம் யாரும் டைரியில் குறித்துவைத்துச் செய்வதில்லை. ஆனால் தப்புவதும் இல்லை.

காரணம், பழைய வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி இருக்கிறது. வெயில் அடித்தால் வத்தல். தெருவில் புளிக்காரர் சத்தம் கேட்டால் புளி. அணையைத் திறந்தால் விதைநெல். அது போதாதென்று பக்கத்து வீட்டு ஆச்சி வேறு "இன்னும் புளி வாங்கலியா?" என்று கேட்டுவிடுவாள். ரயில் டிக்கெட், வருமானச் சான்று, சொத்து வரி, இன்சூரன்ஸ் இவற்றுக்கெல்லாம் வெறும் தேதிதான் உண்டு. தேதிக்கு வாசனை கிடையாது, சத்தம் கிடையாது. அதனால் அது வந்து போவதே தெரிவதில்லை. முன்கூட்டித் திட்டமிட மனம் மறுக்கிறது என்று நாம் நினைப்பதில் பாதி, இந்தக் கொக்கி இல்லாத குறைதான்.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதையே வேறு விதமாகச் சொல்கிறார். "இதைச் செய்யப்போகிறேன்" என்று மட்டும் நினைப்பவர்களைவிட, "இன்னது நடக்கும்போது, இன்ன இடத்தில், இதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டுக்கொண்டவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். நம் ஊரில் வத்தல் போடுகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

ஆகவே முதல் வேலை, தேதியை நடக்கிற காரியம் ஒன்றில் மாட்டுவது. ரயிலையே எடுத்துக்கொள்வோம். முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன் திறந்தது; 2024 நவம்பர் 1 முதல் 60 நாள், பயண நாளைச் சேர்க்காமல். ஜனவரி 13 ராத்திரி சென்னையில் ஏற வேண்டுமானால் நவம்பர் 14 காலை 8 மணி. இந்த நவம்பர் 14-ஐ மனதில் வைத்திருக்க முடியாது. ஆனால் "தீபாவளி எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததும் பொங்கல் டிக்கெட் தேதியைப் பார்க்கணும்" என்பது நிற்கும். தீபாவளி டிக்கெட்டுக்கு இன்னும் துல்லியமான கொக்கி இருக்கிறது. கோகுலாஷ்டமிக்கும் தீபாவளிக்கும் இடையில் சுமார் 65 நாள். தீபாவளிக்கு இரண்டு நாள் முந்திக் கிளம்புகிறவர்களுக்கு, சீடை சுட்ட மூன்றாம் நாள் வாக்கில் முன்பதிவு திறக்கும். இடையில் அதிக மாசம் (பஞ்சாங்கத்தில் கூடுதலாக வருகிற மாதம்) விழுந்த வருஷத்தில் இந்தக் கணக்கு ஒரு மாதம் தள்ளிப்போகும், அதைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவதைக் கொக்கியாக வைப்பவர்கள் உண்டு; அது நகராத கொக்கி. மேலப்பாளையத்தில் ரமலானில் மாட்டினால் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். ஆங்கிலத் தேதியில் வருகிற வேலையை நகர்கிற கொக்கியில் மாட்டினால், முதல் வருஷம் சரியாக இருந்தது மூன்றாம் வருஷம் மூன்று வாரம் பிசகியிருக்கும்.

வழக்கமாகச் சறுக்குகிற இடம் திரும்பும் டிக்கெட். போக டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் போனை வைத்துவிடுவார்கள். ஜனவரி 18 ராத்திரி ரயிலுக்கு முன்பதிவு நவம்பர் 19-ஆம் தேதிதான் திறக்கும், அதுவும் அதே காலை 8 மணிக்கு. முதல் டிக்கெட் எடுத்த கையோடு ஐந்து நாள் தள்ளிக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டால் தீர்ந்தது. இன்னொன்று, 8 மணிக்கு உட்கார்ந்து செய்கிற வேலைகளில் பெரும்பாலானவை முந்தின ராத்திரி செய்ய வேண்டியவை: பாஸ்வேர்டு சரியாக இருக்கிறதா, ஆதார் இணைத்தாயிற்றா, பயணிகள் பெயரும் வயதும் முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கிறதா, வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா. ஆதார் இணைக்காத ரயில் முன்பதிவுக் கணக்கில் 2025 ஜூலை முதல் தட்காலும் எடுக்க முடியாது. தட்கால் ஏசிக்கு முந்தின நாள் 10 மணி, மற்றதற்கு 11 மணி. ஆதார் இணைக்கவில்லை என்பது 10 மணி 1 நிமிடத்துக்குத் தெரிந்து பிரயோசனம் இல்லை.

அதோடு ஒரு "அல்லாட்டி" எழுதிக்கொள்ள வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் 8 மணி 5 நிமிடத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட் காட்டினால், அல்லாட்டி மதுரை வரை ஒரு ரயில், அங்கிருந்து மாட்டுத்தாவணியில் பஸ். இதை முந்தின ராத்திரியே முடிவு செய்து எழுதியிருந்தால் ஒரு நிமிட வேலை. அந்த நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தால் மதுரை ரயிலும் நிரம்பிவிடும். "திட்டம் போட்டு என்ன, அப்படியேவா நடக்குது?" என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அல்லாட்டி இல்லாமல் திட்டம் போட்டு ஒருமுறை அடிபட்டவர்கள். அவர்கள் திட்டத்தை வெறுக்கவில்லை, ஏமாந்ததை வெறுக்கிறார்கள். ஒவ்வொரு முக்கியக் காரியத்துக்கும் ஒரே ஒரு அல்லாட்டி போதும். மூன்று நான்கு எழுதினால் எதையும் செய்யத் தோன்றாது.

போனில் அலாரம் வைத்தால் போதாதா என்பார்கள். அலாரம் அடிக்கிற இடம் முக்கியம். வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் வண்டி ஓட்டும்போது "கரண்ட் பில்" என்று அடித்தால், விரலால் தள்ளிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு தடவை அப்படித் தள்ளினால் மூன்றாம் தடவை கை தானாகத் தள்ளும். அலாரம் வைத்தால், அந்த வேலையைச் செய்யக்கூடிய இடத்தில் இருக்கிற நேரத்துக்கு வைக்க வேண்டும்.

இனி வேலையைப் பிரிக்கிற விதம். அடுக்களையில் நிற்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். வேலைகளில் ஊறுகிற வேலை, ஓடுகிற வேலை என்று இரண்டு. ஓடுகிற வேலையை ஆள் சேர்த்தால் சீக்கிரம் முடிக்கலாம். ஊறுகிற வேலையை யார் வந்தாலும் அவசரப்படுத்த முடியாது.

மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதியை, அந்தத் தேங்காய்ப் பால் குழம்பைப் பாருங்கள். 25 பேருக்கு என்றால் பெரிய தேங்காய் 7, பாசிப்பருப்பு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைய, காய்ந்த பட்டாணி கால் கிலோ, உருளைக்கிழங்கு ஒன்றரைக் கிலோ, கேரட்டும் பீன்ஸும் முக்கால் கிலோ வீதம், முருங்கைக்காய் 6, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, இஞ்சி 100 கிராம், காரத்துக்குத் தக்கப் பச்சை மிளகாய், எலுமிச்சை 6. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் தனி. மத்தியானம் 12.30-க்குப் பந்தி. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 12 மணிக்கு இறக்கியாக வேண்டும். இறக்குவதற்குக் கொஞ்சம் முந்தி முதல் பால், இறக்கின பிறகு எலுமிச்சை. இரண்டாம், மூன்றாம் பாலில் காய் வேக 11 மணிக்கு அடுப்பில் இருக்க வேண்டும். 7 தேங்காய் துருவி மிக்சியில் அடித்துப் பிழிய இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம், ஆக 9.30. காய் நறுக்க 9 மணி. இதெல்லாம் ஓடுகிற வேலை. மைனி ஒருத்தி கூட வந்து உட்கார்ந்தால் அரை மணி மிச்சம். ஆனால் பட்டாணி ராத்திரியே ஊறியிருக்க வேண்டும். காலை 8 மணிக்கு "ஐயோ பட்டாணி" என்று நினைத்தால் பத்து மைனி வந்தாலும் ஆகாது.

அதே சொதியில் எதிர்ப் பாடமும் இருக்கிறது. எல்லாவற்றையும் முந்திச் செய்வது திட்டமிடுதல் ஆகாது. வேலை முடியட்டும் என்று விடிகாலையிலேயே தேங்காய்ப் பால் எடுத்துவைத்தால் நம் வெயிலில் மத்தியானத்துக்குள் புளிப்பேறும். முதல் பாலை முந்தியே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். எது ஊற வேண்டியது, எது கடைசியில்தான் வர வேண்டியது என்று பிரித்துவிட்டால், நடுவில் இருப்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

அரசாங்கக் காகிதங்களுக்கும் இதே கணக்குதான். வருமானச் சான்று என்பது பட்டாணி. இ-சேவை மையத்தில் பதிந்தபின் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையிலும் ஊறித்தான் வரும். கல்லூரிச் சேர்க்கைக் கூட்டம் மே, ஜூனில் மொத்தமாக வந்து விழும்போது இன்னும் அதிக நாள் ஊறும். அதற்காகப் போன வருஷமே எடுத்துவைப்போம் என்றால் அது தேங்காய்ப் பால்: வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். பரீட்சை முடிந்த வாரம் அதற்குச் சரியான கொக்கி. சாதிச் சான்று அப்படியில்லை, ஒருமுறை வாங்கினால் போதும், ஆகவே இன்றைக்கே வாங்கலாம். ஓட்டுநர் உரிமத்தைக் காலாவதிக்கு ஒரு வருஷம் முந்தியே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். வண்டி இன்சூரன்ஸ் முடிந்து 90 நாள் தாண்டினால், விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். இந்த இரண்டுக்கும் வீட்டில் யார் பிறந்தநாளாவது கொக்கியாக இருக்கட்டும்.

கொக்கி எல்லாம் மாட்டியும் சில வீடுகளில் காலண்டர் வெறுமையாகவே தொங்கும். அங்கே வேறு தடை. ஒன்று, சொல்லக் கூச்சம். வெளியே சொன்னால் காரியம் கெட்டுவிடும், கண் பட்டுவிடும் என்கிற எண்ணம் இந்தப் பக்கத்தில் ஆழமானது. "பொண்ணு பார்க்க வருதாங்க" என்று சுவரில் எழுத எந்த ஆச்சி சம்மதிப்பாள்? அவளோடு வாதாடிப் பிரயோசனமில்லை. காரியத்தை எழுதாதீர்கள், பொருளை எழுதுங்கள். அந்தக் கட்டத்தில் "தேங்காய் 7, சேர் 10" என்று மட்டும் இருக்கட்டும். எந்தக் கண்ணும் தேங்காய்மேல் படாது. வேலைக்கும் இதுதான் நல்லது: "கல்யாண ஏற்பாடு" என்று எழுதியிருந்தால் அதைப் பார்த்து யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், "சேர் 10" என்றால் பையன் போய் எடுத்துவருவான்.

இரண்டாவது தடை, எல்லாத் திட்டமும் ஒருத்தி தலைக்குள் இருப்பது. பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளை. மற்றவர்கள் "சொன்னா செய்யப்போறேன்" என்று உட்கார்ந்திருப்பார்கள். சொல்வதே ஒரு வேலை என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் சொன்னால் நச்சரிப்பு, சொல்லாவிட்டால் "முந்தியே சொல்லியிருக்கலாம்லா". இப்படிப்பட்ட வீட்டில் ஆண்கள் திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து திண்ணைக்குப் போய்விடுவது ஆச்சரியமில்லை. அவர்கள் காதில் அது திட்டாகத்தான் விழும். தலைக்குள் இருப்பது சுவருக்கு வர வேண்டும். கடைகளில் இனாமாகக் கொடுக்கிற, கட்டம் பெரிதாக உள்ள மாதக் காலண்டர் போதும். தினம் கிழிக்கிற காலண்டர் உதவாது, அதில் நாளைக்கு என்பது இன்றைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கயிற்றில் ஒரு பென்சில் கட்டுங்கள்; பேனா வேண்டாம், அடித்து எழுதினால் பக்கம் அசிங்கமாகி யாரும் தொட மாட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வேலைக்குப் பக்கத்தில் ஆள் பெயரின் முதலெழுத்து. பெயர் யாருடையதோ அவர் எப்படிச் செய்வது என்பதில் மற்றவர் தலையிடக்கூடாது. இந்தக் கடைசி விதியை மீறினால் மூன்றே வாரத்தில் எல்லா எழுத்தும் மறுபடி அவள் பெயராக மாறியிருக்கும்.

வாரத்துக்கு ஒருமுறை காலண்டர் முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும். உட்கார்ந்தால் பேச்சு வேறு எங்கேயோ போகும். மேலப்பாளையம் மாட்டுச் சந்தை செவ்வாய் என்று யாரும் எழுதிவைப்பதில்லை, மறப்பதுமில்லை. அதுபோலக் கிழமை மாறக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் பை எடுக்கிற நேரம் நல்ல நேரம், கையோடு என்ன வாங்கணும் என்பதும் தெரிந்துவிடும். கேட்க வேண்டியது: இந்த வாரம் எதை ஊறப்போடணும்? அடுத்த மாதப் பக்கத்தில் என்ன இருக்கிறது? யாருக்கு எது முடியாமல் போகும்?

பணத்தில் தடை வேறு மாதிரி. கணக்குப் போட்டால் பற்றாக்குறை கண்ணில் தெரிந்துவிடும், அதனால் போடாமல் இருப்பது. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற செலவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்குப் பள்ளிக் கட்டணம் 24,000, தீபாவளித் துணிமணி 10,000, மகளுக்குப் பொங்கல்படி 6,000, கோயில் கொடைக்கு வரி 3,000, சொத்து வரி 3,000, வண்டி இன்சூரன்ஸ் 2,000. மொத்தம் 48,000, மாதம் 4,000. சேமிப்பைப் பற்றிய புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். தை மாதம் ஆரம்பிக்கிறவருக்கு ஜூனில் என்ன ஆகும்? பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதத்தில் கையில் 16,000 இருக்கும், பள்ளியில் கேட்பது 24,000. "சேர்த்தும் கடன்தான் வாங்கினோம்" என்று அதோடு விட்டுவிடுவார்கள். முதல் வருஷம் மட்டும், பெரிய செலவை அதற்கு மிச்சமிருக்கிற மாதத்தால் வகுக்க வேண்டும். 24,000-க்கு நான்கு மாதம், மாதம் 6,000. அது முடியாது என்றால் இந்த வருஷக் கட்டணத்தைப் பழைய வழியில் கட்டிவிட்டு, ஜூன் மாதத்திலிருந்து அடுத்த வருஷத்துக்கு ஆரம்பிக்கலாம். மாதாமாதம் கட்டுகிற தபால் ஆபீஸ் ஆர்.டி. இதற்கு ஒத்துவராது, அது ஐந்து வருஷக் கணக்கு. வங்கியில் 12 மாத ஆர்.டி., அல்லது ஏடிஎம் கார்டு வாங்காத தனி சேமிப்புக் கணக்கு. சொத்து வரியை அரையாண்டு தொடங்கின முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. 3,000 ரூபாய்க்கு 150 ரூபாய், அல்வாக்கடைக்குப் போய்வரலாம்.

மழைக்கு முந்தின வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள்ளும் மீனாட்சிபுரத்துக்குள்ளும் வண்ணார்பேட்டைக்குள்ளும் வந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் வாசலுக்கு வந்தபின் ஓடுகிற வேலைக்குத்தான் நேரம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. 1992-இல் வெள்ளம் வந்தது நவம்பரில். கொக்கி, பிசானத்துக்கு நாற்றுப் பாவுகிற புரட்டாசிக் கடைசி. அன்றைக்கு இன்வெர்ட்டர் பேட்டரியை மேடையேற்றுங்கள். ஐம்பது கிலோவுக்குமேல் இருக்கும், வயரைக் கழற்றி இரண்டு பேர் தூக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு செய்யக்கூடாத வேலை. பத்திரம், சான்றிதழ், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் ஒரே தோள்பையில், ஒவ்வொன்றும் ஜிப் கவருக்குள். பீரோவின் கீழ்த்தட்டுதான் நம் வீடுகளில் பத்திரம் வைக்கிற இடம், முதலில் நனைவதும் அதுதான். அல்லாட்டி, எந்த மாடி வீட்டுக்குப் போவது என்று அவர்களிடம் முன்கூட்டிக் கேட்டுவைப்பது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

கடைசியாக, எவ்வளவு நேரம் ஆகும் என்கிற மதிப்பீடு. இதில் எல்லாருமே தப்புகிறோம். கனடாவில் நடந்து 1994-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனது 55 நாள். ஜவுளி எடுக்க டவுனுக்குப் போய் "ஒரு மணி நேரத்துல வந்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு இந்த ஆய்வு தேவையில்லை. எத்தனை நேரம் ஆகும் என்று யோசிக்காமல், போன தடவை எத்தனை நேரம் ஆனது என்று பார்க்க வேண்டும். அதற்குப் போன தடவை எழுதியிருக்க வேண்டுமே. காலண்டர் கட்டத்தின் ஓரத்தில், வேலை முடிந்த அன்றைக்கே உண்மைக் கணக்கைப் பென்சிலால் குறியுங்கள்: "சான்று 16 நாள்", "ஜவுளி 5 மணி", "தேங்காய் 1 மிச்சம்".

மார்கழியில் புதுக் காலண்டர் வந்ததும் பழையதைப் புத்தக அட்டை போடக் கிழித்துவிடுவார்கள். அதற்கு முந்தி ஒரு மத்தியானம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வருஷா வருஷம் வருகிறதை மட்டும் பெயர்த்து எழுதுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். அரை மணி என்று நினைத்து உட்காராதீர்கள்.